நாலு தாள், ஒரு கிளிப்

"தாள் நிக்க மாட்டேங்குது, டீச்சர்," என்றார் மாசிலாமணி.

கிளாடிஸ் வாயிலிருந்து கிளாரினெட்டை எடுக்கவில்லை. கண்ணால் கடலைக் காட்டினார்.

"கடல் தெரியுது. காத்து அங்கயிருந்துதான் வருதுன்னும் தெரியுது. தாளுக்கு என்ன வழி?"

கிளாடிஸ் வாசித்து முடித்தார். வாத்தியத்தின் முனையைத் துடைத்தார்.

"காத்துகிட்டப் பேசிப் பாருங்க அண்ணாச்சி. நாப்பது வருஷம் பேசியிருக்கீயள்லா."

பேண்டுக்காரர்கள் ஐந்து பேரும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. வரப்பிலிருந்து இறங்கி, உப்புத் தண்ணீரில் கிடந்த தாளை எடுத்து உதறினார்.

*

போன வருஷம் ஐப்பசி மழையில் உப்புக் கம்பெனியின் கிட்டங்கிச் சுவர், மூட்டை அடுக்குகிற கட்டடத்தின் சுவர், இடிந்து நாலு பெண்கள் செத்துப்போனார்கள். பொன்னுத்தாய். அன்னக்கிளி. சந்தனமாரி. எஸ்தர்.

அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்றது கம்பெனி. மழைக்கு ஒதுங்க வந்த யாரோ, என்றது. வருகைப் பதிவில் அவர்கள் பெயர் இல்லை. காண்டிராக்டரைக் கேட்டால், அவனிடம் பதிவே இல்லை.

உப்பளத் தொழிலாளர் சங்கம் மனு கொடுத்தது. உண்ணாவிரதம் இருந்தது. வழக்குப் போட்டது. நாலு பேரும் அங்கே வேலை பார்த்தார்கள் என்று சொல்லக் கம்பெனிக்கு உள்ளே ஒரு வாய் இல்லை.

வருஷம் திரும்ப இரண்டு மாதம் இருந்தது. செத்த நாளில் கம்பெனி வாசலில் கூட வேண்டும் என்று போலீசிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி வந்தது.

பேச்சு கூடாது. கோஷம் கூடாது. கொடி, தட்டி, படம் கூடாது. செத்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. வாத்தியம் வாசிக்கலாம். காலை பத்து மணிக்கு, இருபது நிமிஷம்.

கொடுக்கிறவனுக்கு எவ்வளவு பயம் என்று தெரிய வேண்டுமானால் அனுமதிக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தால் போதும். இது இரண்டு பக்கம்.

சங்கத்தில் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள்.

அறுபத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பைத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தன. ஆறு தடவை ஜெயில். எந்த வாசலில் எந்தப் போராட்டம் என்றாலும் முதல் ஆளாக அவர்தான் நிற்பார். ஒலிபெருக்கி இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்கப் பேசியவர்.

"அப்ப நான் வாசிக்கேன்," என்றார்.

"உமக்கு வாசிக்கத் தெரியுமா?"

"போன வாரம் வரை தெரியாது. இந்த வாரம் கத்துக்கிடுவேன்."

*

கிளாடிசுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிக்கிறவர். உப்பு எடுக்காத மாதங்களில் உப்பளத்து ஆட்கள் ஐந்து பேர் அவரிடம் சேர்ந்து வாசிப்பார்கள்.

மகள் வயசுக்காரியிடம் மாணவனாகப் போய் நிற்க மாசிலாமணி வெட்கப்படவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவன் முதலாளியாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் எண்ணம்.

கிளாடிஸ் அவரிடம் ஒரு கிளாரினெட்டைக் கொடுத்தார்.

மாசிலாமணி ஊதினார். நாற்பது வருஷத்து உப்புக் காற்றும் பீடிப் புகையும் இருமலாக வந்தன. சத்தம் வரவில்லை.

மூன்று நாள் ஊதினார். நெஞ்சு வலித்தது. நிறுத்தவில்லை.

நாலாம் நாள் கிளாடிஸ் வாத்தியத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார். மூலையில் மடக்கிக் கிடந்த இரும்பு ஸ்டாண்டைக் காட்டினார்.

"என்னது?"

"வாசிக்கும்போது தாள் வெக்கிற ஸ்டாண்டு. அதப் பாத்துக்கிடுங்க."

"வேற?"

"அவ்வளவுதான்."

ஜெயிலில்கூட அவரைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள்.

"டீச்சர், வாசல்ல நான் என்ன செய்யணும்னு கேட்டு வந்தேன். ஸ்டாண்டத் தூக்கச் சொல்லுதீய."

"கனமா இருக்கா?"

"இல்ல."

"அப்பத் தூக்குங்க."

மாசிலாமணி தூக்கினார். எந்த வேலையாக இருந்தாலும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. இந்த ஜில்லாவில் ஒருவன் தாள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டான் என்றால் அது மாசிலாமணிதான் என்று இருக்க வேண்டும்.

*

பாட்டு நாலு தாள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கிளாடிஸ் எழுதியது. விரல் தடிமனில் ஸரிகம எழுத்துகள். ஐந்து பேர் அரைவட்டமாக நின்றாலும் எல்லோருக்கும் தெரியும்.

செத்தவர்களில் ஆளுக்கு ஒரு தாள்.

உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழே உப்பிலிருந்தும் அடிக்கும். பெண்கள் கண் மட்டும் தெரியும்படி தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு பாத்தியில் இறங்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே ஆள்.

அதனால் அங்கே ஒரு பழக்கம். உப்பு வாரும்போது ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு மெட்டை முனகிக்கொண்டே வாருவாள். ஒருத்தியின் மெட்டை இன்னொருத்தி எடுக்க மாட்டாள். எந்தப் பாத்தியில் யார் என்பதை மெட்டை வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு மெட்டு நின்றுபோனால் பக்கத்துப் பாத்திக்காரி நிமிர்ந்து பார்ப்பாள், மயங்கி விழுந்துவிட்டாளோ என்று.

பெயரைச் சொல்லக் கூடாது என்றது கடிதம். கடிதத்தை எழுதியவனுக்கு மெட்டைப் பற்றித் தெரியாது.

"எல்லாம் சரி டீச்சர்," என்றார் மாசிலாமணி. "இவங்க காதால கேட்டே வாசிக்கிற ஆளுக. சாவு வீட்ல எவன் தாள் வெச்சு வாசிக்கான்? மனப்பாடம் பண்ணிட்டா ஸ்டாண்டும் வேண்டாம், நானும் வேண்டாம்."

கிளாடிஸ் மூன்று பேரைக் கூப்பிட்டார்.

"பொன்னுத்தாயி மெட்டு. தாளப் பாக்காதீங்க. ஞாபகத்துல இருக்கிறத ஒவ்வொருத்தரா வாசிங்க."

முதலில் ஜெபராணி கிளாரினெட்டில் வாசித்தாள். பிறகு சாமிதாஸ் டிரம்பெட்டில். மூன்றாவது, சாமிதாசின் தம்பி.

மூன்றும் அழகாக இருந்தன. மூன்றும் வேறு வேறாக இருந்தன.

"இதுல எது பொன்னுத்தாயி?" என்று கேட்டார் கிளாடிஸ்.

மாசிலாமணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ மககூட எட்டு நாள் உக்காந்து எழுதுனேன். இது இல்ல, இது இல்லன்னு அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே திருத்துச்சு. கம்பெனித் தாள்ல பொன்னுத்தாயி இல்ல. இந்தத் தாள்ல இருக்கா."

மாசிலாமணி குனிந்து, ஸ்டாண்டின் மூன்று கால்களையும் மண்ணில் இன்னும் ஆழமாக ஊன்றினார்.

*

ஸ்டாண்டின் தட்டு சின்னது. தாள் அதைப்போல் இரண்டு பங்கு பெரியது. காற்று வந்தால் மேல்பாதி மடங்கி விழும். இன்னும் கொஞ்சம் காற்று வந்தால் தாள் கிளம்பிப் போய்விடும்.

முதல் வாரம் மாசிலாமணி ஒரு கெட்டியான அட்டையும், துணி காயப்போடும் கிளிப் பத்தும் கொண்டுவந்தார். அட்டையைத் தட்டில் கட்டி, தாளை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் கவ்வவிட்டார்.

காற்று அடித்தது. தாள் அசையவில்லை. மாசிலாமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

பொன்னுத்தாயின் மெட்டு முடிந்தது. ஜெபராணி வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்துக் கிளிப்பையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். தாளை உருவினாள். அடுத்த தாளை வைத்துப் பத்தையும் மாட்டினாள்.

அதுவரை மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னக்கிளி வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்திரலாம் போலுக்கே," என்றார் சாமிதாஸ்.

மாசிலாமணி கிளாடிசைப் பார்த்தார். கிளாடிஸ் பத்துக் கிளிப்பையும் அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

*

இரண்டாம் வாரம் சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற கண்ணாடிப் பிளாஸ்டிக் கொண்டுவந்தார். நாலு தாளையும் அடுக்கி, மேலே அதைப் போர்த்தி, ரப்பர் பேண்டு போட்டார்.

காற்று தோற்றது.

பதினோரு மணிக்கு வெயில் உப்பில் பட்டு எழுந்தது. பிளாஸ்டிக் முழுக்க ஒரே வெள்ளை.

"மாமா," என்றாள் ஜெபராணி, "என் மூஞ்சி நல்லாத் தெரியுது. பொட்டு கோணலா இருக்கு. பாட்டுதான் தெரியல."

மாசிலாமணி பிளாஸ்டிக்கைச் சுருட்டினார்.

"சொல்லிக் குடுங்களேன் டீச்சர். எப்படிப் பிடிச்சா நிக்கும்?"

"தாளப் பிடிக்கது உங்க வேல. வாசிக்கது எங்க வேல. நான் உங்க வேலைய எடுக்கலாமா?"

*

மூன்றாம் வாரம் அவர் வரவில்லை.

நாலாம் வாரம் ஒரு தட்டுவண்டியில் வந்தார். வண்டி நிறையப் பலகை.

ஆறடி நீளம், நாலடி உயரம். சவுக்குக் கம்பில் கால்கள். ஒரு பக்கத்தில் நாலு தாளையும் வரிசையாக வைத்துச் சட்டம் அடித்திருந்தார். உருவ வேண்டாம், மாற்ற வேண்டாம், காற்றும் ஒன்றும் செய்ய முடியாது. மறுபக்கம், கம்பெனியைப் பார்த்து நிற்கப் போகிற பக்கம், முழுக்கச் சிவப்புப் பெயின்ட். எழுத்து ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு இடம் மட்டும் விட்டதுபோல் இருந்தது.

"ஒரு பந்தலப் போட்டா இதுலயே கல்யாணத்த நடத்திரலாம்," என்றாள் ஜெபராணி.

"நாப்பது வருஷமாத் தட்டி கட்டுன கை," என்றார் மாசிலாமணி.

கிளாடிஸ் பலகையைச் சுற்றி வந்தார்.

"இந்தப் பக்கம் எதுக்குச் சிவப்பு?"

"பாக்கட்டும்."

"யாரு?"

"கம்பெனிதான். வேற யாரு?"

"அன்னைக்கு நாம நிக்கிற எடத்துக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"முப்பதடி."

"பலகைக்கு அந்தப் பக்கமா முப்பதடி போய் நில்லுங்க."

மாசிலாமணி எண்ணி நடந்து போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். வெள்ளை உப்புக்கு நடுவே சிவப்புப் பலகை ஜோராக இருந்தது. ஆட்கள் தெரியவில்லை. தலைகள் மட்டும் தெரிந்தன.

வாசித்தார்கள்.

அடுத்த தெருவில், சாத்திய கதவுக்குப் பின்னால், யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. பொன்னுத்தாயா அன்னக்கிளியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் அந்த மெட்டுகளைக் கேட்டவர்.

வாசித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு திரும்பி நடந்து வந்தார்.

தட்டுவண்டிக்குப் போய் ரம்பத்தை எடுத்தார்.

*

தாள் அளவுக்குப் பலகையை அறுத்தார். அடுத்த நாள் அதையும் இழைத்து மெலிதாக்கினார். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார். ஸ்டாண்டின் தட்டில் இரண்டு திருகாணியில் நிறுத்தினார். வாத்தியங்களின் வாய் எதையும் அது மறைக்கவில்லை.

நாலு தாளையும் வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கீழே குறுக்காக ஒரு ரப்பர் நாடா. மேலே ஒரே ஒரு கிளிப், ஆபீஸில் கட்டுக் காகிதத்தைப் பிடிக்கிற பெரிய வகை.

அந்தக் கிளிப்போடு ஆறு நாள் மல்லுக்கட்டினார். இறுக்கமாக இருந்தால் தாள் கிழிந்தது. தளர்ந்தால் பறந்தது. வில்லை வளைத்தார், நிமிர்த்தினார், பற்களை அரத்தில் தேய்த்தார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிளிப்பை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். விரலில் இரண்டு நகம் கறுத்தது.

ஏழாம் நாள் அது காற்றுக்கு விடவில்லை. கைக்கு விட்டது.

மெட்டு முடிந்ததும் ஜெபராணி ஒரு கையால் தாளைக் கீழே இழுத்தாள். தாள் கையோடு வந்தது. அடுத்தது அங்கே நின்றது. மூச்சு எடுக்கிற நேரம்தான். நாலு பெண்களும் இடைவெளி இல்லாமல் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள்.

கிளாடிஸ் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

மாசிலாமணி காத்திருந்தார். பெட்டி மூடப்பட்டது.

"ஒண்ணும் சொல்லலியே டீச்சர்."

"எதப் பத்தி?"

"பலகையப் பத்தி."

கிளாடிஸ் திரும்பி, "ஜெபா, பலகை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஜெபராணி நெற்றியைச் சுருக்கினாள். "எந்தப் பலகை?"

அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு உண்மையாகவே நினைவில்லை.

"கேட்டீயளா அண்ணாச்சி," என்றார் கிளாடிஸ்.

மாசிலாமணி வீட்டுக்குப் போகிற வழி முழுக்கக் கோபத்தோடு நடந்தார். அது பாராட்டா ஏச்சா என்று அவருக்கு விளங்கவில்லை.

*

அந்த நாள் வந்தது.

கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாசிலாமணி ஒன்பதரை மணிக்கே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார்.

வாசலுக்கு எதிரே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே பேண்டுக்கு விட்ட இடம் கதவிலிருந்து முப்பதடி இல்லை, பத்தடிதான். கயிற்றுக்கு அப்பால் இருநூறு பேர். முன்வரிசையில் நாலு வீட்டு ஆட்கள். இரும்புக் கதவுக்கு உள்ளே மானேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவலாளி பிச்சையா.

சப் இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"என்ன கம்பி இது?"

"கம்பி இல்ல சார். தாள் வெக்கிற ஸ்டாண்டு."

"கடிதத்துல வாத்தியம்னு இருக்கு. ஸ்டாண்டுன்னு இல்ல. இரும்பு. எடுத்து வீசினா மண்டை உடையும். ஜீப்ல வைங்க."

"பலகைய மட்டும்…"

"பலகை தட்டிக் கணக்குல வரும்."

"அப்பத் தாள ஒருத்தர் கையில பிடிச்சுக்கிடட்டும்."

"தாளத் தூக்கிப் பிடிச்சாலும் தட்டிதான்."

மாசிலாமணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கடிதத்தின் இரண்டு பக்கமும் அவருக்கு மனப்பாடம். எந்த வரியை எந்த வரியால் அடிக்கலாம் என்று முப்பது நொடியில் தெரிந்துவிட்டது. மூச்சை இழுத்தார்.

"பெரியவரே," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "நீங்க வாயத் திறந்தா அது பேச்சு. பேச்சு வந்தா வாசிப்பு இல்ல. எந்த நிமிஷத்துல வந்தாலும் அந்த நிமிஷத்தோட நிறுத்திருவேன். அடுத்த வருஷம் நீங்க கேட்டாலும் கிடைக்காது."

கான்ஸ்டபிள் ஸ்டாண்டை மடக்கிக் கொண்டுபோனார். பலகையும் போனது.

பத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

மாசிலாமணியின் கையில் நாலு தாளும் கிளிப்பும் இருந்தன.

"டீச்சர், என்ன செய்ய?" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

கிளாடிஸ் கயிற்றைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தாளையும் கிளிப்பையும் வாங்கிக்கொண்டார். பிறகு மாசிலாமணியின் இரண்டு தோளையும் பிடித்து, வாசலைப் பார்க்கத் திருப்பினார்.

"என்ன செய்யுதீய?"

கிளிப் அவர் சட்டைக் காலரைக் கவ்வியது. நாலு தாளும் முதுகில் விழுந்தன.

"டீச்சர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சனம் பாத்துக்கிட்டு இருக்கு. நான் முன்னால நிக்கணும்."

"முன்னாலதான் நிக்கீய."

அது உண்மை. அவருக்கு முன்னால் கதவைத் தவிர ஒன்றும் இல்லை.

"மூச்ச மெதுவா விடுங்க," என்றார் கிளாடிஸ்.

சப் இன்ஸ்பெக்டர் வந்து அவர் முதுகைப் பார்த்தார். கடிதத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தையும் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மணி பத்து. ஆரம்பிங்க."

*

பொன்னுத்தாய் வந்தாள்.

வாத்தியங்களின் சத்தம் அவர் பிடரியில் இடித்தது. எந்த வாசலிலும் மாசிலாமணி இவ்வளவு நேரம் வாய் மூடி நின்றதில்லை.

கயிற்றுப் பக்கம் ஒரு பெண் கேவினாள். பொன்னுத்தாயின் மகள். அவர் அவளைப் பார்க்கத் திரும்பினார். தோள் ஒரு விரல்கடை நகர்ந்தது.

பின்னால் ஒரு கிளாரினெட் ஒரு சுரத்தைத் தவறவிட்டது.

தோளை இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அவர் திரும்பவில்லை.

முதல் தாள் உருவப்பட்டது. அன்னக்கிளி.

காற்று எழுந்தது. முதுகில் தாளின் கீழ்ப்பாதி படபடத்தது. இங்கே ரப்பர் நாடா இல்லை.

"அண்ணாச்சி, கை," என்றார் கிளாடிஸ், இரண்டு சுரத்துக்கு நடுவே.

மாசிலாமணி இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்தார்.

மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவருகே வந்தார். வாய் மூடி, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"என்ன தலைவரே, பேச்சு வரலையா?"

மாசிலாமணி கதவின் கம்பியைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் எப்படி நிக்கணுமோ அப்படி நிக்கறீங்க."

மாசிலாமணியிடம் பன்னிரண்டு பதில்கள் இருந்தன. அவற்றில் மூன்று, இருநூறு பேரையும் சிரிக்க வைக்கும். ஒன்று, இந்த மனிதர் பென்ஷன் வாங்கும் வரை ஊரில் பேசப்படும்.

மூச்சை மெதுவாக விட்டார். தாள் அசையவில்லை.

இரண்டாம் தாள் உருவப்பட்டது. சந்தனமாரி.

அது துள்ளுகிற மெட்டு. டிரம் அதற்கு வாகாக இறங்கியது. மானேஜர் காதைக் கொடுத்துக் கேட்டார். காவலாளி பக்கம் திரும்பினார்.

"என்ன பாட்டுய்யா இது?"

"சந்தனமாரி, சார்," என்றார் பிச்சையா. அவர் கண் வேறெங்கோ இருந்தது.

"அது எந்தப் படம்?"

"படம் இல்ல சார். ஆறாம் பாத்தி. காலையில இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா அவ வேலைக்கு வந்துட்டான்னு அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக் கேட்டது சார்."

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் பிச்சையாவை. பிறகு மானேஜரை.

"நீ வாய மூடு," என்றார் மானேஜர்.

பிச்சையா மூடிக்கொண்டார்.

மாசிலாமணிக்குக் கேட்டது. ஒரு வருஷம் மனுவும் வழக்கும் பட்டினியும் கொண்டுவராத வார்த்தை, கம்பெனிக் கதவுக்கு உள்ளேயிருந்து வந்துவிட்டது. கயிற்றுக்கு அப்பால் யாருக்கும் அது கேட்டிருக்காது. அவருக்குத்தான் கேட்டது. மூவாயிரம் பேருக்குக் கேட்கும்படி அதைச் சொல்லக்கூடிய தொண்டையும் அவருக்குத்தான் இருந்தது.

நெஞ்சு நிறையக் காற்று இழுத்தார். முதுகு விரிந்தது. தாள் மேலே ஏறியது. வாய் திறந்தது.

பின்னால் மூன்றாம் தாள் உருவப்பட்டது.

அதன் அடியில் இன்னும் ஒன்று இருந்தது.

இழுத்த காற்றை மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முதுகு இறங்கியது. நாலாம் தாளின் மூலைகளை விரல்களால் தேடிப் பிடித்தார்.

நாலாவது மெட்டு மூன்றே சுரம். ஒரு கிளாரினெட் மட்டும்தான் வாசித்தது.

மானேஜர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

"எஸ்தர்," என்றார் பிச்சையா.